அண்ணனுக்குப் போன வெற்றிலை

எர்மெலிந்தா அக்கா பிறந்த வீடும் இப்போது இருக்கிற வீடும் ஒன்றுதான். நடுவில் ஒரு முறை எரிந்தது. அதே கல்லின் மேலேயே திரும்பக் கட்டிக்கொண்டாள். எங்கேயும் குடிபோகாத அந்தப் பெண்பிள்ளை நான்கு கொடிகளுக்குக் கீழே வாழ்ந்துவிட்டாள். பிறந்தபோது போர்த்துக்கல். பதினாலு வயதில் பள்ளிக்கூடத்துக் கம்பத்தில் வேறு கொடி ஏறியது. இனிமேல் நீ இந்தோனேசியா என்றார்கள். முப்பத்தேழில் ஐ.நா.வின் நீலக்கொடி. நாற்பதில்தான் எங்கள் சொந்தக் கொடி, திமோர்-லெஸ்தே. "நான் எங்கயும் போகல ரெமி, நாடுங்கதான் என் வாசலுக்கு வந்து வந்து போகுது" என்பாள். சிரிக்காமல் சொல்வாள்.

ரெமி என்பது நான்தான், ரெமிஜியு. பாத்துமூத்தி கிராம அலுவலகத்தில் எழுத்தர் வேலை. இந்தக் கதையைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. அந்த மூன்று நாளும் கடிதம் எழுதி எழுதியே காலத்தைக் கடத்தியவன் நான். இருந்தாலும் சொல்வேன். வயிறு எரிகிறது, சொல்லாமல் என்ன செய்ய?

எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு ஆறு. ஆகஸ்டு மாதத்தில் கணுக்கால்கூட நனையாது. அக்கரையில் ஹௌமெத்தான். இரண்டு ஊருக்கும் பேச்சு ஒன்று, குலப்பெயர் ஒன்று, கோவில் பாட்டு ஒன்று. இங்கே பெண் எடுத்தால் அங்கே கொடுப்போம். எந்தக் காலத்திலோ, எங்களைக் கண்ணால்கூடப் பார்க்காத இரண்டு துரைமார் அந்த ஆற்றின் மேல் ஒரு கோடு போட்டார்கள். அந்தப் பக்கம் உனக்கு, இந்தப் பக்கம் எனக்கு. அப்புறம் இருவரும் மூட்டை கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். போனவர்கள் கோட்டையும் சுருட்டிக்கொண்டு போயிருக்கலாம் இல்லையா? விட்டுவிட்டுப் போனார்கள். அதனால்தான் எங்கள் ஜில்லா தனித் துண்டாகக் கிடக்கிறது. மூன்று பக்கமும் இந்தோனேசியா, ஒரு பக்கம் கடல். எங்கள் தலைநகரத்துக்கே நாங்கள் கப்பலேறித்தான் போக வேண்டும்.

லிந்தா அக்காவுக்குக் கூடப் பிறந்தவர் ஒரே ஒரு அண்ணன், செவெரினு. இந்தோனேசியா ஆண்ட நாளில் விவசாய அலுவலகத்தில் குமாஸ்தா. சீருடை, சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் உண்டு. தொண்ணூற்றொன்பதில், தனி நாடு வேண்டுமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு வந்ததும் வீடு இரண்டாகப் பிளந்தது. அண்ணன் வேண்டாம் என்றார். தங்கை வேண்டும் என்றாள். சோளக்கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டே சண்டை போடுவார்கள்.

"தனி நாடு வந்தா உனக்கு யாரு சோறு போடுவா?" என்பார் அவர்.

"இப்ப மட்டும் நீயா போடறே? என் சோளம், என் கை" என்பாள் இவள்.

வாக்கெடுப்பில் தங்கை பக்கம் ஜெயித்தது. ஜெயித்ததற்குக் கூலியாகத் தோற்றவர்கள் ஊரை எரித்தார்கள். செப்டம்பரில் ஒரு காலை செவெரினு அண்ணன் பெண்டாட்டி பிள்ளைகளோடு லாரியில் ஏறி அக்கரைக்குப் போனார். அன்று மத்தியானமே ஆயுதத்தோடு ஒரு கும்பல் வந்து எங்கள் கூரைகளுக்குத் தீ வைத்தது. லிந்தா அக்கா நாலு வயது மகன் அபிலியுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடினாள், மற்றவர்களைப் போல மலைக்கு இல்லை. அக்கரையைப் பார்த்துக் கத்தினாள்: "எரிக்கப் போற நாள் உனக்குத் தெரியும்டா! ஒரு வார்த்தை சொல்லல நீ! அக்கரைக்குப் போனவன் எனக்கு அண்ணனே இல்ல!" நான் கேட்டேன். ஊரே கேட்டது. அக்கரையிலும் கேட்டிருக்கும்.

அப்புறம் இருபது வருஷம் பேச்சு இல்லை. அவள் சோளக்கொல்லையிலிருந்து பார்த்தால் அண்ணன் வீட்டுத் தகரக் கூரை தெரியும். அந்தப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டுதான் களை எடுப்பாள். புருஷன் காய்ச்சலில் போனார். ஒற்றையாக நின்று அபிலியுவை வளர்த்தாள். எங்கள் கொடி முதன்முதலாக ஏறிய நாளில் கம்பத்தடியில் அவள் ஆடிய ஆட்டத்தை இன்றும் சொல்வார்கள். எந்தத் தேர்தல் வந்தாலும் வரிசையில் முதல் ஆள் அவள்தான். "இது நான் வீட்டைக் குடுத்து வாங்கின நாடு" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த முகத்தைத்தான் இந்த நாடு என்ன பாடுபடுத்தியது!

இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஆகஸ்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அபிலியு புளியமரத்திலிருந்து விழுந்தான். கிளையை உலுக்கப் போனவன் கிளையோடு வந்தான். தூக்கி வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. இருபத்து நாலு வயது.

இனி எங்கள் ஆட்களின் முறையைச் சொல்ல வேண்டும். செத்தவனை மண்ணில் வைக்கிற உரிமை பெற்றவளுக்குக்கூட இல்லை. தாய்மாமனுக்குத்தான். தாய்மாமன் வந்து, துணி போர்த்தி, பெட்டியில் முதல் ஆணியை அடித்து, குழியில் முதல் பிடி மண்ணைப் போட வேண்டும். அவர் வராமல் புதைத்தால் அது புதைத்ததே இல்லை, நாயைப் போட்ட மாதிரி. அண்ணன் தங்கை சண்டை அதற்குக் கணக்கில்லை. அண்ணனே இல்லை என்று ஆயிரம் முறை கத்தியிருந்தாலும் அவன்தான் தாய்மாமன்.

அவருக்குச் சேதி சொல்வதும் சும்மா இல்லை. வீட்டு ஆள் ஒருவன் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு எடுத்துக்கொண்டு நேரில் போய், மண்டியிட்டு, வாயால் சொல்ல வேண்டும். தாய்மாமன் வெற்றிலையை வாங்கி மென்றால்தான் சேதி சேர்ந்தது. போனில் சொன்னால் அவமானம். தெருவில் காதில் விழுந்தாலும் அவர் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

லிந்தா அக்கா மகன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அடக்கம் ஆகும்வரை பெற்றவள் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. கொழுந்தன் கயத்தானுவைக் கூப்பிட்டாள். "வெத்தலை எடுத்துக்கிட்டுப் போ" என்றாள். இருபது வருஷமாகச் சொல்லாத பெயரை அப்போதும் சொல்லவில்லை. "அவனுக்கு" என்றாள், அவ்வளவுதான்.

சாதாரண நாளாக இருந்தால் எல்லைச் சீட்டைக் காட்டிவிட்டு நடந்து போய் வருவோம். அந்த மாதம் பார்த்து இரண்டு அரசாங்கத்து நில அளவைக்காரர்களுக்கும் தகராறு. ஆற்று மணலில் நட்ட வெள்ளைத் தூண் முப்பது அடி கிழக்கே இருக்க வேண்டுமா, மேற்கே இருக்க வேண்டுமா என்று. முப்பது அடி கூழாங்கல்! அதில் ஒரு பூசணிக்கொடிகூட முளைக்காது. அதற்காக இரண்டு பக்கமும் வழியை மூடிவிட்டார்கள். கயத்தானு மூடின வழியில் போகவில்லை. மாடு இறங்குகிற துறை வழியாகப் போனான். அக்கரை ஏறியதும் அந்த ஊர்ப் போலீஸ் பிடித்து உள்ளே வைத்துவிட்டது. சீட்டில்லாமல் எல்லை தாண்டினான் என்று ஒரு குற்றம். பையில் வெள்ளைப் பொடி வைத்திருந்தான் என்று இன்னொன்று. சுண்ணாம்பய்யா, சுண்ணாம்பு! ஜாவாவிலிருந்து வந்த புது அதிகாரிக்கு அது பரிசோதனைக்கு அனுப்ப வேண்டிய பொடியாகத் தெரிந்திருக்கிறது.

இது எங்களுக்கு உடனே தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், போனவன் திரும்பவில்லை, தாய்மாமனும் வரவில்லை. புதன்கிழமை ஹௌமெத்தானிலிருந்து என் சித்தி மகன் போனில் சொன்னான்: "செவெரினு பெரியப்பா குளிச்சு, கறுப்புச் சட்டை போட்டு, மடியில துணியும் சுத்தியலும் வெச்சுக்கிட்டு நேத்துலருந்து வாசல்லயே உக்காந்திருக்காரு. கிளம்புங்கன்னா, எனக்கு யாரும் சொல்லலியேங்கறாரு."

இதை லிந்தா அக்காவிடம் சொன்னேன். அவள் பல்லைக் கடித்தாள். "பாத்தியா? அன்னிக்கு நான் கத்தினதுக்கு என் பிள்ளை பொணத்து மேல பழி வாங்கறான்."

நான் என் பங்குக்குச் சட்டப்படி போகலாம் என்று கிளம்பினேன். மடையன். செவ்வாய் மத்தியானமே ஜில்லா அலுவலகத்துக்கு ஒரு கடிதம்: ஒரு மனிதர், ஒரு நாள், அடக்கத்துக்கு மட்டும் வந்து போக அனுமதி கொடுங்கள். வெளிநாட்டார் நுழைவது தலைநகர விஷயம் என்று பதில் வந்தது. கடிதத்தைப் படம் பிடித்துத் தலைநகரத்துக்கு அனுப்பினேன். விண்ணப்பம் போர்த்துக்கீசிய மொழியில் இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. எங்கள் ஊரில் அந்த மொழி தெரிந்த ஒரே ஆள் பாதிரியார். அவரும் அகராதியைப் புரட்டிப் புரட்டித்தான் எழுதிக் கொடுத்தார். புதன்கிழமை சாயங்காலம் ஒரு படிவம் வந்தது. இறந்தவருக்கு என்ன உறவு என்று ஒரு கேள்வி. கீழே கட்டங்கள்: தந்தை, தாய், கணவன், மனைவி, பிள்ளை. தாய்மாமனுக்குக் கட்டம் இல்லை. போன் போட்டுக் கேட்டேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"மாமா நெருங்கிய உறவில் வரமாட்டார், ஐயா."

"நெருங்கிய உறவே அவருதாங்க. அவரு இல்லாம பெட்டியை மூட முடியாது."

"வேறு யாராவது நெருங்கிய உறவினரை வைத்து மூடிக்கொள்ளுங்களேன்."

போனை வைத்துவிட்டு அலுவலகச் சுவரில் ஓங்கிக் குத்தினேன். கைதான் வீங்கியது. நாட்டை நடத்துகிறவனுக்குத் தாய்மாமன் யார் என்று தெரியவில்லை. அந்த ஆளுக்கும் ஒரு தாய்மாமன் இருந்திருப்பாரே! ஞானஸ்நானத்தன்று யாருடைய மடியில் உட்கார்ந்தான் அவன்?

வியாழன் காலை எங்கள் எல்லைக் காவல்காரன் ஒருவன் சைக்கிளில் வந்து விஷயத்தைப் போட்டு உடைத்தான். அக்கரைப் போலீஸ் தகவல் அனுப்பியிருக்கிறது: ஒரு ஆண், ஒரு துணிப்பை, இலை ஏழு, கொட்டை மூன்று, வெள்ளைப் பொடி ஒரு டப்பா. லிந்தா அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். "அப்ப அவனுக்குச் சேதியே போகலியா?" என்றாள். குரல் மாறிவிட்டது. மூன்றாவது நாள் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெட்டியைச் சுற்றி எத்தனை பச்சிலை வைத்தாலும் வாடை நிற்கவில்லை. பெண்கள் முகத்தைத் திருப்பாமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

"ரெமி, உன் போனைக் குடு" என்றாள்.

வீட்டில் இருந்த கிழடுகள் பதறின. "வேணாம் லிந்தா, முறை கெட்டுப் போகும்."

"கெடட்டும். என் பிள்ளையே கெட்டுப் போயிக்கிட்டிருக்கான், கண்ணு தெரியலியா உங்களுக்கு?"

எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். மகன் தலைமாட்டிலேயே உட்கார்ந்து பேசினாள்.

"அண்ணே."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"யாருன்னு தெரியலியா?"

"தெரியுது. சொல்லு."

"உனக்கு அனுப்பின வெத்தலை உங்க ஊரு போலீஸ் மேசையில கிடக்கு. கயத்தானுவைப் பிடிச்சு வெச்சிருக்காங்க. நான் எழுந்து வரக் கூடாது. அதனால போன்ல சொல்றேன், மன்னிச்சாலும் சரி, மன்னிக்காட்டியும் சரி. என் பிள்ளை போயிட்டான். உன் மருமகன் போயிட்டான். வா."

செவெரினு அண்ணன் அழுதது எனக்கே கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வெத்தலை எங்க இருக்குன்னு சொன்னியே, அது போதும். முறை எதுக்குக் கெடணும்?" என்றார்.

அப்புறம் நடந்தது கயத்தானு சொன்னது. அறுபத்தைந்து வயது மனிதர், கறுப்புச் சட்டை, தோளில் துணி, கையில் சுத்தியல், நேராகப் போலீஸ் நிலையத்துக்குள் நுழைந்தார்.

"என் பொருள் இங்க இருக்கு."

"என்ன பொருள்?" என்றான் அதிகாரி.

"என் தங்கச்சி அனுப்பின வெத்தலை."

"அது வழக்குப் பொருள், தொடக் கூடாது."

அவர் அவனைக் கண்டுகொள்ளவில்லை. கம்பிக்குப் பின்னால் இருந்த கயத்தானுவைப் பார்த்து, "என்னடா சேதி கொண்டு வந்தே?" என்றார். கயத்தானு அந்தச் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, சொல்ல வேண்டிய சொற்களைச் சொல்ல வேண்டிய வரிசையில் சொன்னான். செவெரினு அண்ணன் மேசைமேல் இருந்த பையைப் பிரித்தார். இலை எடுத்தார், பாக்கு எடுத்தார், அந்த வெள்ளைப் பொடியையும் விரலால் தொட்டுத் தடவினார், வாயில் போட்டு மென்றார்.

"யோவ், அது சாட்சி!" என்று அதிகாரி எழுந்துவிட்டான்.

"என் வாய்லதான் இருக்கு, வந்து எடுத்துக்க."

பொருள் போன பின் வழக்கு எங்கே இருக்கும்? உள்ளூர்க் காவலர்கள் எல்லாம் எங்கள் மேத்தோ இனத்து ஆட்கள், தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கியிருக்கிறார்கள். வெள்ளைத் தூண் வரைக்கும் எங்கள் நாடு, அதுவரை போய்க்கொள்ளுங்கள், அதற்கப்புறம் அவர்கள் பாடு என்று அதிகாரி கயத்தானுவையும் சேர்த்தே அனுப்பிவிட்டான்.

அந்த நாட்டுக்காரன் விட்டுவிட்டான். தடுத்தது யார் தெரியுமா? நாங்கள். எங்கள் நாடு. எங்கள் கொடியைத் தோளில் தைத்துக்கொண்டு நின்ற எங்கள் பையன்கள். கயத்தானுவை உள்ளே விட்டார்கள், அவன் குடிமகன். செவெரினு அண்ணனைத் தூணுக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். காவல் தலைவன் கிழக்குக் கோடியிலிருந்து வந்தவன், எங்கள் பேச்சு தெரியாது. துப்பாக்கியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, "மேலிடத்து உத்தரவு இல்லாமல் முடியாது" என்றானாம்.

கயத்தானு ஓடிவந்து சொன்னதும் லிந்தா அக்கா எழுந்தாள். "அவனை இங்க விடலேன்னா இவனை அங்க தூக்குங்க. நான் பிள்ளையை விட்டு நகரல, பிள்ளையோடதான் வரேன்."

எட்டுப் பேர் தூக்கினோம். அந்த வெயிலில் மேட்டிலிருந்து ஆற்றுக்கு இறங்கி, தூணின் அடியில் வைத்தோம். அந்தப் பக்கம் செவெரினு அண்ணன். இந்தப் பக்கம் தங்கை. இடையில் ஒரு முழம்கூட இல்லை. காவல் தலைவன் குறுக்கே வந்தான்.

"அம்மா, இங்கே கூட்டம் கூடக் கூடாது."

லிந்தா அக்கா அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே! தலைநகரத்துப் பேச்சிலேயே சொன்னாள், அவனுக்குப் புரியட்டும் என்று. "தம்பி, உன் தோள்ல இருக்கிற கொடி இருக்கே, அதுக்காக என் வீட்டை எரிச்சாங்க. நான் அழல. திரும்பக் கட்டினேன். இந்த நாடு வேணும்னு அண்ணனையே வேணாம்னேன். இருபது வருஷம். இப்ப என் பிள்ளைக்கு ஒரு ஆணி அடிக்கணும். ஒரே ஒரு ஆணி. அதுக்கு உன் நாட்டுல இடம் இல்லியா? சுடறதுன்னா சுடு. நான் ஒதுங்க மாட்டேன்."

அவன் ஒதுங்கினான். முகம் சிவந்துபோய், "அவர் கால் தூணைத் தாண்டக் கூடாது" என்று மட்டும் சொன்னான். அந்த மட்டுக்குச் சட்டத்தைக் காப்பாற்றிவிட்டான், மகராசன்.

செவெரினு அண்ணன் காலை அங்கேயே ஊன்றிக்கொண்டு, இடுப்பை வளைத்து, துணியை மருமகன்மேல் போர்த்தினார். இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் ஒரு கிழவன் அரை உடம்பு ஒரு நாட்டிலும் அரை உடம்பு இன்னொரு நாட்டிலுமாகத் தொங்கிக்கொண்டு சாவுக்கடன் செய்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். மூடியை வைத்தோம். அவர் சுத்தியலை ஓங்கினார். லிந்தா அக்கா கையால் தடுத்தாள்.

"முதல்ல இதைச் சொல்லு. அன்னிக்கு எரிக்கப் போறாங்கன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

ஆற்றில் அத்தனை பேர். அவர் நிமிரவில்லை. "தெரியும். சொன்னா லாரி கிளம்பாது, என் பிள்ளைங்களும் மாட்டிக்கும்னு பயந்தேன். வாயை மூடிக்கிட்டேன்."

அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்வாள் என்று நானும் நினைக்கவில்லை. கையை எடுத்தாள். "அடி" என்றாள்.

அடித்தார்.

மிச்சம் இருந்தது முதல் பிடி மண். குழி எங்கள் மேட்டில், தாய்மாமன் அங்கே வர முடியாது. அவர் தன் காலடியிலேயே குனிந்து ஒரு பிடி அள்ளி, தலைத்துண்டில் முடிந்து, தங்கை கையில் கொடுத்தார். நாங்கள் பெட்டியைத் தூக்கித் திரும்பினோம். அப்போதும் விட்டானா அந்தக் காவல் தலைவன்?

"அம்மா, அது என்ன மூட்டை?"

"மண்ணு."

"அந்த நாட்டு மண்ணா? மண், விதை, செடி எதுவும் உள்ளே கொண்டு வரக் கூடாது. விதி இருக்கு."

எனக்கு அவனை அடித்துவிடலாம் போலிருந்தது. தோளில் பெட்டி. லிந்தா அக்கா சத்தம் போடவில்லை. முடிச்சை அவிழ்த்து அந்த மண்ணை ஒரு கையில் கொட்டினாள். குனிந்து, எங்கள் பக்கத்திலிருந்து இன்னொரு கையில் ஒரு பிடி அள்ளினாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மண்ணைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்து, இரண்டையும் அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இதுல எது உன் நாட்டு மண்ணு? பாத்துச் சொல்லு. மத்ததை இங்கயே கொட்டிட்டுப் போறேன்."

அவன் குனிந்து பார்த்தான். ஒரு கையைப் பார்த்தான், மறு கையைப் பார்த்தான். கூட நின்ற இரண்டு காவல்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். லிந்தா அக்கா காத்திருக்கவில்லை. இரண்டு கையையும் மூடிக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நடந்தாள். எது அண்ணன் கொடுத்தது என்று அவளுக்கும் தெரிந்திருக்காது. குழியில் இரண்டு பிடியையும் சேர்த்தே போட்டாள்.